விழுவதற்குச் சம்பளம்

பிரிஸ்பேன்
9 மார்ச் 2008

அன்புத் தங்கை வாசிதிக்கு,

சவெனாதா எழுதுகிறேன். முதுகு நீங்கலாக உடம்பு நன்றாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை இனோகேயும் உன் குட்டி மகள் உனாய்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தவேயுனித் தீவில் மழை விட்டதா? பெரியப்பா தோமாசிக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

எனக்கு வேலை மாறிவிட்டது. சிரிக்காதே, விழுவதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

நான் காவல் நின்ற கட்டடத்தில், டயர் கடைக்கு மேலே, பிரிகலோ என்று ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. போர் வீடியோ கேம் செய்கிறவர்கள். நியூகினிக் காட்டில் ஜப்பானியரும் ஆஸ்திரேலியரும் மோதிக்கொண்ட பழைய சண்டைதான் கதை. போன வாரம் கார் நிறுத்துமிடத்தில் மெத்தையைப் போட்டு, ஒல்லிப் பையன்கள் மாறி மாறிச் சாகப் பழகினார்கள். மார்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வானத்தைப் பார்த்து மெதுவாகச் சாய்வார்கள். கேட்டில் நின்ற நான் சிரித்துவிட்டேன். முதலாளி ரோவன் திரும்பிப் பார்த்தான்.

"என்னப்பா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல பாஸ். சாகுறவன் இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டான்."

"நீ பாத்திருக்கியா?"

"லெபனான்ல ஐ.நா. தொப்பி போட்டு நின்னவன் நான்."

"அப்போ செத்துக் காட்டு."

அங்கே செக்போஸ்டில் என்னோடு நின்ற வெலேமா குண்டடிபட்டு எப்படி விழுந்தானோ அப்படியே விழுந்தேன். முழங்கால் முதலில் மடியும். கை எதையும் பிடிக்காது. முகம் தரையில் மோதும்போது தேங்காய் விழுகிற சத்தம் கேட்கும். "திங்கட்கிழமை மேல வந்துடு" என்றான் ரோவன்.

இப்போது வெள்ளை உருண்டைகள் ஒட்டிய கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, சுற்றிலும் இருக்கிற கேமராக்களுக்கு நடுவே விழுகிறேன். என் அசைவை எடுத்துக்கொண்டு திரையில் ஜப்பான்காரன் விழுகிறான். மறுபடி விழுந்தால் ஆஸ்திரேலியாக்காரன். என் முகம் எங்கும் வராது.

எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.
சவே


தவேயுனி
27 ஏப்ரல் 2008

அன்பு அண்ணாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமைக் கப்பலில் வந்தது. கர்த்தர் தயவில் இங்கே எல்லோரும் சுகம். பெரியப்பா மூச்சிரைப்புக்கு, இரவெல்லாம் குடிக்கிற கவா வேர்ச்சாற்றைக் குறை சொல்லாமல் மழையைத் திட்டிக்கொண்டு இருக்கிறார். உன் முதுகுக்கு எண்ணெய் போடுகிறாயா?

உன் வேலையைப் பற்றி மூன்றாம் வகுப்பில் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், உங்க அண்ணன் செத்தா எழுந்திருச்சிருவாரா?" என்றாள். ஆமாம், மறுபடியும் சாவதற்காக என்றேன். வகுப்பே உருண்டு சிரித்தது. உனாய்சி இப்போது முற்றத்தில் செத்துச் செத்து விளையாடி உடுப்பையெல்லாம் மண்ணாக்குகிறாள்.

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். சமையல்கட்டுப் படி ஈரமாக இருந்தது, வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. கரும்பலகையிலும் இடக்கையால்தான் எழுதுகிறேன்.

இனோகேவுக்குக் கொப்பரை ஆலையில் வேலை போய்விட்டது. மேஸ்திரியோடு ஏதோ வாய்த்தகராறு. நான் பள்ளியிலிருந்து வர நேரமானால் கொஞ்சம் கோபப்படுவார். வேலை கிடைத்தால் சரியாகிவிடும்.

உனக்காக ஜெபிக்கிறேன். பார்த்து விழு.
வாசிதி


பிரிஸ்பேன்
16 நவம்பர் 2008

தங்கை வாசிதிக்கு,

நலமா? உன்னிடமிருந்து கடிதம் வந்து மாதங்கள் ஆகின்றன. மணிக்கட்டு சரியாகிவிட்டதா? எனக்கு முழங்காலில் நீர் கோத்திருக்கிறது. மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார், அடுத்த மாதம் திரும்பக் கோத்துக்கொள்கிறது.

எங்கள் விளையாட்டு வெளியே வந்துவிட்டது. பெயர் 'கடைசி மேடு'. ரோவன் நினைத்ததைவிடப் பல மடங்கு விற்கிறது. கலிபோர்னியாவிலிருந்து பெரிய கம்பெனி ஒன்று அடுத்த விளையாட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறது. டயர் கடை மாடியை விட்டு ஆற்றோரம் மூன்று தளம் எடுத்துவிட்டோம். பன்னிரண்டு பேராக இருந்தவர்கள் எழுபது பேர். வாசலில் சுவர் உயரத்துக்கு ஒரு சிப்பாய் சாகிற படம் மாட்டியிருக்கிறார்கள். முகம் யாருடையதோ, சாவு என்னுடையது.

துப்பாக்கிமுனைக் கத்திக்காக மட்டும் ஒரு நாள் முழுக்க எடுத்தோம். வயிற்றில் குத்து வாங்கியவன் குத்தியவனைப் பிடிக்க மாட்டான், கத்தியைத்தான் பிடிப்பான். விரல் அறுந்தாலும் விடமாட்டான். அதைச் சொன்னதும் பையன்களுக்கு ஒரே சந்தோஷம். "இன்னொரு தடவை சவே, விரலைக் காட்டி." மாலையில் என் குடல் நிஜமாகவே வலித்தது.

விருந்தில் ரோவன் பியர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கம்பெனிக்காக அதிகமா செத்தவன் இவன்தான், கைதட்டுங்க" என்றான். கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஒரு பெட்டியில் அந்த விளையாட்டின் டிஸ்க் ஒன்றும் உனாய்சிக்குச் செருப்பும் அனுப்பியிருக்கிறேன். ஒரு வரியாவது எழுது.

உன் அண்ணன்
சவே


தவேயுனி
11 ஜனவரி 2009

மச்சானுக்கு,

இனோகே எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் நன்றாகப் போயிற்றா? உன் முழங்காலுக்காகச் சர்ச்சில் ஜெபித்தோம். இங்கே குறையொன்றும் இல்லை. வாசிதிக்கு வேலை அதிகம், அதனால் அவளுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன்.

என் சித்தப்பா மகன் கடையில் உன் டிஸ்கைப் போட்டு விளையாடுகிற மெஷின் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் ஊர் ஆண்களெல்லாம் அங்கேதான். ஏய் மச்சான், யாரைச் சுட்டாலும் நீதானே விழுறே! உன்னைக் கொல்றது இவ்வளவு சுலபம்னு தெரிஞ்சிருந்தா கல்யாணத்தன்னைக்கே முடிச்சிருப்பேன். கத்திக்குத்தை மட்டும் பையன்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

வாசிதியையும் அழைத்துப்போய்க் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணனுடைய உழைப்பை மதிக்க வேண்டாமா? பிடரியைப் பிடித்து முழுவதும் பார்க்க வைத்தேன்.

அவள் கடிதம் எழுதவில்லை என்று வருத்தப்படாதே. கொஞ்சம் கவனமில்லாதவள், எங்காவது இடித்துக்கொண்டே இருப்பாள். செருப்பு உனாய்சிக்குச் சரியாக இருக்கிறது.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.
இனோகே


தவேயுனி
22 மார்ச் 2009

அன்பு அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் சுகம்.

இந்த முறை எழுத்து நேராக இருக்கும், ஏனென்றால் ஒடிந்தது இடது கை. சமையல்கட்டுப் படிதான் மறுபடியும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. இடது கன்னத்திலும் கொஞ்சம் அடி. மாவுக்கட்டில் மூன்றாம் வகுப்பு முழுவதும் பெயர் எழுதிவிட்டது. இனோகே படிக்குக் கைப்பிடி அடித்துக் கொடுத்திருக்கிறார்.

போன மாதம் இனோகே வீட்டார் பெரியப்பாவிடம் வந்தார்கள். பாய் விரித்து, கவா கலக்கி, எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். பெரியப்பா வீட்டுச் சுவரில் இப்போது ஒரு திமிங்கிலப் பல் கூடுதலாகத் தொங்குகிறது. எதற்கென்று என்னைக் கேட்காதே. அண்ணனும் தங்கையும் பேசுகிற பேச்சு அல்ல அது.

உனாய்சி இப்போதெல்லாம் செத்து விளையாடுவதில்லை. வளர்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.
வாசிதி


பிரிஸ்பேன்
17 மே 2009

வாசிதி,

கை ஒட்டிவிட்டதா? கன்னம்? எனக்கு ஒன்றுமில்லை. இதைத் தனியாக உட்கார்ந்து படி.

இங்கே நிலைமை முன்போல் இல்லை. கலிபோர்னியாக்காரர்கள் கார்ல் என்று ஒருவனை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது விளையாட்டு இந்தக் காலத்துப் போர். பாலைவன ஊரில் வீடு வீடாகத் தேடுகிற சிப்பாய்கள். நாங்கள் செய்ததையெல்லாம் பார்த்துவிட்டு, சப்பென்று இருக்கிறது என்கிறான்.

"அந்த வீட்டுல ஒரு பொம்பள இருக்கா. அவளைப் பேச வைக்கணும். என்ன செய்வீங்க?"

"அதை நாங்க செய்யறதில்ல, கார்ல்" என்றான் ரோவன்.

"அப்போ செய்யறவனுக்குப் பணம் போகும்."

ரோவன் என்னைத் தனியே கூப்பிட்டான். "எழுபது குடும்பம், சவே. ஒரே ஒரு காட்சி."

செய்தேன். எதிரே டாம்சின். குதிரையிலிருந்தும் கூரையிலிருந்தும் விழுகிறவள், என்னைவிடக் கெட்டிக்காரி. என் கையிலிருந்த துப்பாக்கி வெறும் ஸ்பாஞ்ச். "பயப்படாம அடி பெரியவரே, போன வாரம் குதிரை உதைச்சதுக்கே நான் அழல" என்றாள். முடியைப் பிடித்து இழுத்து, துப்பாக்கிக் கட்டையை ஓங்கி முகத்தில் இறக்க வேண்டும். கார்ல் பின்னாலிருந்து "கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ" என்றுகொண்டே இருந்தான்.

நான் ஓங்கிய ஒவ்வொரு முறையும் அவள் இடது கை முகத்துக்கு மேலே போயிற்று. சுண்டுவிரல் பக்கம் என்னைப் பார்த்து. அடி அந்த எலும்பில் விழுந்தது.

"ஏன் அந்தக் கையைத் தூக்குறே?" என்று கேட்டேன்.

"நான் எங்க தூக்குறேன்? அது தானாப் போகுது."

கார்ல் கை தட்டினான். நான் மாடிப்படி ஓரத்துக் குப்பைத் தொட்டியில் வாந்தியெடுத்தேன்.

வாசிதி, நான் விழுந்து பிழைக்கிறவன். ஈரப்படியில் வழுக்குகிறவன் பின்பக்கம் போவான். கை கீழே போகும். உள்ளங்கை தேயும், மணிக்கட்டு போகும். நீ சொன்ன எலும்பு படியில் ஒடியாது. கை மேலே இருந்தால்தான் ஒடியும்.

இதை நான் கேட்கக் கூடாது. அப்பா இருந்திருந்தால் என் வாயில் அடித்திருப்பார். ஆனாலும் கேட்கிறேன். உன் எதிரில் நின்றது யார்?

சவே


தவேயுனி
2 ஆகஸ்ட் 2009

அண்ணா,

நலமாக இரு. இனி வீட்டுக்கு எழுதாதே, பள்ளி முகவரிக்கு எழுது.

உன் கடிதத்தைத் தபால் நிலையத்தில் இனோகேதான் வாங்கினார். என்னை எதிரே உட்காரவைத்து உரக்க வாசித்தார். "உன் அண்ணன் நல்லா எழுதுறான்" என்றார். முடியைப் பிடிக்கிற இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்தி, முடியைப் பிடித்தார். விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு, "பாக்கலாம், கை தானாப் போகுதான்னு" என்றார்.

போயிற்று அண்ணா. நீ எழுதியது சரிதான்.

உனாய்சி மேசைக்கு அடியில் இருந்தாள். அவள் கத்தவில்லை. முன்பெல்லாம் கத்துவாள்.

கேட்டாய், அதனால் சொல்கிறேன். முதல் முறை வலது மணிக்கட்டு. இரண்டாம் முறை கையும் கன்னமும். இப்போது அதே கை, என் வாயில் இரண்டு பல். ஒவ்வொரு முறையும் அவர் வீட்டார் திமிங்கிலப் பல்லைக் கொண்டுவந்து பெரியப்பாவின் முன்னால் வைத்து மன்னிப்புக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் பெரியப்பா வாங்கிக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பினார். அப்பா இல்லாததால் மன்னிக்க வேண்டியவன் நீ. "சவெனாதா சார்பாக" என்று சொல்லித்தான் வாங்கினார். மூன்று முறை நீ மன்னித்திருக்கிறாய்.

உன்மேல் கோபமில்லை. உனக்குத் தெரியாது.

வாசிதி


பிரிஸ்பேன்
13 செப்டம்பர் 2009

வாசிதி,

உன் கடிதத்துக்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை. நீயும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதும் துணிச்சல்கூட எனக்கு இல்லை.

பிரிகலோ முடிந்துவிட்டது. ஜூலையில் கலிபோர்னியாக்காரர்கள் பணத்தை நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் செய்வது கட்டுப்படியாகவில்லையாம். அந்தக் காட்சியோடு சேர்த்து முழு விளையாட்டையும் குப்பையில் போட்டார்கள். முதலில் பாதிப் பேரை அனுப்பினார்கள். மீதிப் பேர் சம்பளமில்லாமல் இன்னும் கொஞ்ச நாள் வந்தோம், ரோவன் வேறு கம்பெனி பிடித்துவிடுவான் என்று. போன செவ்வாய் காலையில் போனால் கதவுக்குப் புதுப் பூட்டு. ஏலக்காரர்கள் கம்ப்யூட்டர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுவர்ப் படத்தையும் உருட்டிக் கட்டினார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் ரோவனைப் பையன்கள் வளைத்துக்கொண்டார்கள். அனிமேஷன் செய்கிற ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். நான் நடுவே போனேன். "விடு சவே, ஒரே ஒரு அடி" என்று அழுதான். விட்டேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி ஓங்கிக் குத்தி, தன் விரலையே ஒடித்துக்கொண்டான். இரண்டு வருஷமாகத் திரையில் ஆயிரக்கணக்கான பேரைக் கொன்றவன். ரோவன் உதட்டில் ரத்தத்தோடு நடைபாதையில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமே மிஞ்சல" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கிருந்த கோபமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

டிசம்பர் கப்பலில் வருகிறேன். இனோகேவின் கழுத்து எந்தப் பக்கம் திருப்பினால் ஒடியும் என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவிடம் எதுவும் சொல்லாதே.

சவே


தவேயுனி
18 அக்டோபர் 2009

அண்ணா,

வேலை போனதற்கு வருந்துகிறேன். வந்து சேர், ஆனால் உன் கையைக் கொண்டுவராதே.

நானும் உனாய்சியும் பள்ளி வளாகத்தில் ஆசிரியர் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். இரண்டாம் நாளே இனோகே கரும்பு வெட்டுகிற கத்தியோடு வந்தார். கதவை வெட்டினார். பலகை பிளந்து முதலில் கத்தியும் பிறகு அவர் கையும் உள்ளே வந்தன. அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. பானையோடு தூக்கி அந்தக் கையில் ஊற்றினேன். தோல் கிழங்கோடு சேர்ந்து வழன்று வந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு இரக்கம் வரவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

போலீஸ்காரர் வந்தார். "குடும்பத்துக்குள்ள நடக்குறது டீச்சர், இனி சுடுதண்ணியைப் பாத்துக் கையாளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரியில் பள்ளி திறக்கும்போது எனக்குப் பக்கத்துத் தீவில் இருக்கிற லம்பாசாவுக்கு மாற்றல். அதற்குள் அவர் வீட்டார் நான்காவது பல்லைக் கொண்டுவருவார்கள். நீ அவரைக் கொன்றால் உனாய்சிக்கு அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. நீ வந்து பாயில் உட்கார். பல்லைத் தொடாதே. உன் வேலை அவ்வளவுதான்.

வாசிதி


தவேயுனி
7 பிப்ரவரி 2010

வாசிதி,

லம்பாசா வெயில் எப்படி? உனாய்சிக்குப் பள்ளி பிடித்திருக்கிறதா? நான் மெதுவாக எழுதுகிறேன், மூச்சு இழுத்தால் விலா குத்துகிறது. கவலைப்படாதே.

நீ கப்பலேறிய மறுவாரம் அவர்கள் வந்தார்கள். ஊர்த்தலைவர், பாதிரியார், போலீஸ்காரர் எல்லோரும் கவாவுக்கு உட்கார்ந்திருந்தார்கள். இனோகே வீட்டுப் பெரியவர் முழந்தாளிட்டு, பல்லை இரண்டு கையிலும் ஏந்தி நீண்ட பேச்சுப் பேசினார். சூடுபட்ட கையைத் துணியால் சுற்றிக்கொண்டு இனோகே தலை குனிந்திருந்தான். நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"வாங்கிக்கோ சவே" என்றார் பெரியப்பா.

"இல்ல பெரியப்பா."

"ஊர் பாக்குது."

"பாக்கட்டும். முன்னாடி மூணு தடவை நான் இங்க இல்ல. இப்ப இருக்கேன்."

பெரியவர் வெகுநேரம் பல்லை ஏந்தியபடியே இருந்தார். கடைசியில் அதை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

நான் வாசலுக்கு வந்ததும் இனோகே பின்னாலேயே வந்தான். "திரையில சாகுற பய, நீ எனக்குப் பாடம் சொல்றியா?" என்று தாடையில் குத்தினான். அவன் கழுத்து என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அப்போதுதான் போலீஸ்காரர் கவாக் கிண்ணத்தோடு வாசலில் நின்று பார்ப்பதைக் கண்டேன். பக்கத்தில் ஊர்த்தலைவர்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முதல் அடியிலேயே விழுந்திருக்கலாம், எனக்கு அதைவிடச் சுலபமானது உலகில் இல்லை. விழுந்தால் அதோடு முடிந்துவிடும். விழாமல் நின்றேன். அடித்தான். மூக்கு போனது. மறுபடி அடித்தான். வேலியிலிருந்து கழியைப் பிடுங்கி விலாவில் போட்டான். ஊர்த்தலைவர் "போதும்" என்று கத்தியபிறகும் அடித்தான். அதற்கப்புறம்தான் விழுந்தேன். அது நடிப்பு இல்லை.

தலைவர் கண்ணெதிரே நடந்ததைப் போலீஸ்காரரால் குடும்ப விஷயம் என்று சொல்ல முடியவில்லை. மாஜிஸ்திரேட் கப்பலில் வந்தபோது இனோகேவுக்கு எட்டு மாதம் ஜெயில் கொடுத்தார். பெரியப்பா என்னோடு பேசுவதில்லை.

இனி நிம்மதியாக இரு.
சவே


லம்பாசா
1 மார்ச் 2010

அண்ணா,

விலா எப்படி இருக்கிறது? நாங்கள் சுகம். உனாய்சி புதுப் பள்ளியில் ஒரு பையனைத் தள்ளிவிட்டுத் தண்டனை வாங்கினாள். நான் திட்டினேன், பிறகு குளியலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்புறம் கோபம் வந்தது, உன்மேலும்தான். உன் விலாவுக்கு எட்டு மாதம். என் கைக்கு ஒரு நாள்கூட இல்லை. எட்டு மாதம் முடிந்தால் அவர் வெளியே வருவார், உன்னை அடித்தவராக. என்னை அடித்தவர் என்று எங்கும் எழுதியிருக்காது.

போன திங்களன்று பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இங்குள்ள போலீஸ் நிலையத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மேசைமேல் வைத்தேன். அந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர்.

"டீச்சர், அவர்தான் உள்ளே இருக்காரே. இனி எதுக்கு?"

"அது எங்க அண்ணனுக்காக. இது எனக்காக."

"குடும்ப விஷயத்துல பொதுவா நாங்க பெரியவங்களை வச்சு..."

"பெரியவங்க பேசிட்டாங்க. நான் இன்னும் பேசல."

நாளைக்கு வாருங்கள் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் சாப்பிடப் போய் வந்தார். ஒரு திருட்டுப் புகார் எழுதினார், ஒரு லாரிக்காரனுக்கு அபராதம் போட்டார். நான் அதே நாற்காலியில் இருந்தேன். ஓங்கினால் தானாக மேலே போகிற என் கை அன்று மடியிலேயே கிடந்தது.

மாலையில் பெருமூச்சு விட்டு, தாளை இழுத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"சரி டீச்சர். முதல் தடவை எப்போ?"

சொல்ல ஆரம்பித்தேன்.

வாசிதி